கிள்ளானுக்கு அரை நாள்

பலாப்பழத்தை வெட்டுமுன் கத்திக்கு எண்ணெய் தடவ வேண்டும். கைக்கும் தடவ வேண்டும், முழங்கை வரை தடவினாலும் தப்பில்லை, பால் ஒட்டிக்கொண்டால் சோப்புக்குப் போகாது. கூடத்தின் நடுவில் பழைய செய்தித்தாள்களை விரித்து, வடகாட்டுப் பழத்தை அதன்மேல் கிடத்தி, லுங்கியும் பனியனுமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எதிரே சோபாவில் ஜெரால்டு. திருச்சியில் டிராவல்ஸ் வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமையும் புதுக்கோட்டை வரை வீடு தேடி வந்துவிடுகிறவர், மடியில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு மலேசியாவை எங்களுக்கு விற்றுக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்க்கிறாள் என் மனைவி கற்பகவல்லி. சுவரோரம் தரையில் காலை நீட்டிக்கொண்டு மகள் தாரணி, நர்சிங் மூன்றாம் வருஷம், விடுமுறைக்கு வந்தவள். "மொத நாள் கோலாலம்பூர் சிட்டி டூர் சார். ரெட்டைக் கோபுரம், ராஜா அரண்மனை, அரண்மனை வெளியில இருந்துதான். ரெண்டாவது நாள் பத்துமலை, அப்படியே மலையேறி கெந்திங். கேபிள் கார்ல ஏத்திவிட்ருவோம், மேகத்துக்குள்ள போவீங்க மேடம்." மேகத்துக்குள் என்றதும் வல்லி சிரிக்கிறாள். நான் கத்தியைக் காம்புக்கு ஒட்டி வைத்து அழுத்துகிறேன். முள் தாங்குகிறது, தாங்கி, பிறகு விடுகிறது. உள்ளே போனபின் கத்திக்குச் சிரமமே இல்லை. "கிள்ளான்" என்கிறேன். ஜெரால்டு நிமிர்கிறார். "கிள்ளான்ல என்ன சார் இருக்கு? துறைமுகம், நம்மாளுங்க கடைத்தெரு. அதுக்கு இங்க கீழராஜ வீதிக்கே போயிரலாம்." "எனக்கு அரை நாள் வேணும். இவங்களை நீங்க ஷாப்பிங் கூட்டிட்டுப் போங்க. நான் டாக்ஸி பிடிச்சுப் போயிட்டு வந்துர்றேன்." சொல்லிவிட்டுப் பழத்தைப் பார்க்கிறேன். வல்லி எதற்கோ மறுபடியும் சிரிக்கிறாள், வாயை மூடிக்கொண்டு, தனக்குள். அந்தச் சிரிப்பு எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் அந்த மாம்பழ நிறச் சேலையை எதற்குக் கட்டியிருக்கிறாள் என்பதும் புரியவில்லை. அரை நாள். அரை நாள் போதும். டாக்ஸியில் போய், கடைக்குள் நுழைந்து, கல்லாவுக்கு எதிரே நின்று, பிளாஸ்க்கின் மூடியைத் திருகி, அம்பலவாணன் என்கிற என் பழைய முதலாளியின் முகத்தில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டு வர அரை நாள் தாராளம். அவர் என் முதுகில் ஊற்றினார். நான் முகத்தில். அந்த வித்தியாசத்தை மட்டும் பல வருஷம் யோசித்து முடிவு செய்தேன்.

தண்ணீர் ஆறிவிடக் கூடாது, அதுதான் ஒரே கவலை. பாத்திரக்கடை வைத்திருக்கிறவனுக்கு பிளாஸ்க்கைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறைய பிளாஸ்க்குகள் பெயருக்குத்தான், மத்தியானத்தில் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஆகிவிடும். என் கடையிலேயே மேல் அலமாரியில் ஒன்றை ஒதுக்கிவைத்திருக்கிறேன், இரட்டைச் சுவர், வாய் அகலம், ஒரே வீச்சில் கொட்டும். காலையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவைத்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்ப்பேன். விரலை வெடுக்கென்று எடுக்க வேண்டியிருந்தால் அன்றைக்கு நல்ல நாள். கடையில் வேலை செய்யும் பெண்கள் நான் வெந்நீர் மட்டும் குடிக்கிறவன் என்று நினைத்திருக்கிறார்கள். "ரூம்ல எலக்ட்ரிக் கெட்டில் இருக்கும் மேடம்" என்கிறார் ஜெரால்டு, "டீ, காபி, மேகி, எது வேணா போட்டுக்கலாம், நம்ம ஆளுங்க முக்கால்வாசி பேரு ரசம் வச்சே சாப்பிட்டு வந்துர்றாங்க." தாரணி சிரிக்கிறாள். கெட்டில் இருக்குமா என்பதைத்தான் நான் கேட்க நினைத்து ஒரு வாரமாகக் கேட்காமலிருந்தேன். வெறும் பிளாஸ்க்கை விமானத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஓட்டலில் கொதிக்கவைத்து நிரப்பி, பையில் துண்டு சுற்றி வைத்து, டாக்ஸி. முதலாளி எழுந்திருப்பாரா, உட்கார்ந்தே இருப்பாரா. உட்கார்ந்திருந்தால் மடியிலும் விழும். எழுந்தால் கழுத்து, மார்பு. இதையெல்லாம் நான் வெறியோடு நினைப்பதில்லை. சாமான் அடுக்குகிறவன் மாதிரி எது அடியில் எது மேலே என்று நினைக்கிறேன். பழம் இரண்டாகப் பிளந்துவிட்டது. நடுத்தண்டிலிருந்து பால் வடிகிறது, வெள்ளையாக, மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல். செய்தித்தாளைக் கிழித்து ஒற்றி எடுக்கிறேன். ஒற்ற ஒற்ற வருகிறது. வாசனை கூடத்தை அடைத்துவிட்டது. கிள்ளானிலும் இந்த வாசனை உண்டு, செம்படாக் என்று ஒரு பழம், பலாவின் தம்பி, அதை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்துக் முதலாளி கடை வாசலில் ஒரு மலாய்ப் பாட்டி விற்பாள், நான் அங்கே வேலை பார்த்த கடைசி நாள் முழுக்க அந்த வாசனைதான், பிறகு ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தபோதும் மருந்து வாசனைக்கு அடியில் அதுதான் இருந்தது.

"மூணு இனமும் ஒண்ணா வாழ்ற நாடு சார்" என்கிறார் ஜெரால்டு, திரையில் ஒரு படத்தைக் காட்டி. தலையில் முக்காடிட்ட பெண், சீனப் பெண், சேலை கட்டிய பெண், மூவரும் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறார்கள். "மலாய், சீனர், நம்மவங்க. சண்டை சச்சரவே கிடையாது. ஒரே மேசையில ஒக்காந்து சாப்பிடுவாங்க." உண்மைதான், அன்றைக்கு முதலாளியின் சாப்பாட்டுக் கடையில் ஒரே மேசையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சாயங்கால நேரம், டீ ஓடுகிற நேரம். நான் பாய்லருக்குப் பக்கத்தில் நின்று தே தாரேக் என்கிற நுரை டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன், ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. சீனக் கிழவர் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், மலாய்க்காரத் தம்பதி ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார்கள், நம் ஆட்கள் ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. காலையில்தான் ஊரிலிருந்து போன் வந்திருந்தது, அப்பா போய்விட்டார் என்று. நான் ஒருத்தன்தான் பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டும், உடம்பை நாளை வரை வைத்திருப்பார்கள், அதற்குமேல் தாங்காது. முதலாளியிடம் போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். போய் இறங்கிய அன்றே வாங்கிப் பூட்டிவைத்துக்கொண்டதுதான், அதன்பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. "செத்தவன் போயிட்டான், நீ போயி எழுப்பவா போற?" என்றார். அறந்தாங்கிப் பக்கத்துக்காரர், எங்கள் ஊர்ப் பேச்சுத்தான், எங்கள் ஊரில் இழவு வீட்டுக்குப் பகையாளிகூட வந்து நிற்பான். நான் காலில் விழுந்தேன். பிறகு எழுந்தேன். எழுந்து, "போலீசுக்குப் போறேன்" என்றேன். ஏன் சொன்னேன், அதுவரை அந்த வார்த்தை என் வாயில் வந்ததே இல்லை. சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தேன். பின்னால் அவர் பாய்லரடிக்கு வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய டின் குவளை குழாய்க்குக் கீழே நிரம்புகிற சத்தம் கேட்டது. "திரும்புடா" என்றார். நான் திரும்பவில்லை. "திரும்புடா பூமி." அவர் என் முகத்தைத்தான் கேட்டார், அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது. திரும்பியிருந்தால் முகம். திரும்பாததால் முதுகு. முதலில் சுடவில்லை, குளிர்ந்தது, யாரோ ஐஸ் கட்டியைக் கொட்டிய மாதிரி. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பிறகு நான் போட்ட சத்தம் என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை. சீனக் கிழவர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். மலாய்க்காரப் பெண் எழுந்தாள், அவள் புருஷன் அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தான். நம் ஆட்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்பக்க வாசலால் போனார்கள். கிழவர் பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார். மூன்று இனமும் பார்த்தது. தட்டுக் கழுவுகிற சுமத்ராக்காரி, சுத்தி என்று பெயர், எல்லோரும் காக்கா என்று கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம், அவள் ஒருத்திதான் ஓடிவந்து ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து என் மேல் கொட்டினாள். கொட்டிக்கொண்டே "சபார், சபார்" என்றாள். பொறு, பொறு. எவ்வளவு பொறுக்க வேண்டும் என்று அந்தச் சொல்லில் இல்லை.

அப்பாவுக்குச் சித்தப்பா கொள்ளி வைத்தார். நான் குப்புறக் கிடந்தேன். முதலாளி ஆஸ்பத்திரிக்கு ஒருதரம் வந்தார், பாய்லர் வெடித்தது என்று எழுதிக்கொடுத்ததில் கைநாட்டு மாதிரி ஒரு கையெழுத்து வாங்கினார், பாஸ்போர்ட்டை என் தலைமாட்டில் எறிந்துவிட்டுப் போனார். ஊருக்கு வந்தேன். வந்தவனைப் பார்க்க வந்தவர்களிடம் என்ன சொல்வது? மலேசியாவுக்குப் போனவன் அடி வாங்கித் திரும்பினான் என்றால் பஸ் ஸ்டாண்டில் நின்று சிரிப்பார்கள். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டிலிருந்து திரும்பியவன் யாரும் முதலாளியைக் கெட்டவன் என்று சொன்னதில்லை. எனக்கு முன்னால் போனவர்கள் சொன்னதில்லை. அதனால்தானே நான் போனேன். அதனால் நானும் சொன்னேன், சூப்பர்வைசராக இருந்தேன் என்று. பாய்லர் வெடித்தது என்று. முதலாளி பெற்ற பிள்ளை மாதிரி ராத்திரி பகலாக ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தார் என்று. ஒன்று சொன்னால் இன்னொன்று கேட்பார்கள், கேட்பதற்கெல்லாம் அவர் நல்லவராகிக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியிலிருந்து விமானத்துக்குப் போகிற வழியில், முதுகைச் சீட்டில் சாய்க்க முடியாமல் முன்னால் குனிந்தே பஸ்ஸில் போய் இறங்கி, கடைத்தெருவில் இந்த மாம்பழ நிறச் சேலையை நான்தான் எடுத்தேன். வல்லியை அப்போது பேசி முடித்திருந்தார்கள். எடுத்தது நான் என்று சொல்லியிருக்கலாம். முதலாளி உனக்கென்று கொடுத்தார் என்று சொன்னால் இன்னும் கௌரவமாக இருக்கும் என்று தோன்றியது. சொன்னேன். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். முதுகுத் தோல் வெந்து உரிந்து மறுபடி வளர்ந்து, கட்டிப் போன வெல்லப்பாகு மாதிரி படர்ந்திருக்கிறது. தாரணி சின்னவளாக இருக்கும்போது அதன்மேல் விரலை ஓட்டி விளையாடுவாள், இது ஆறு, இது மலை, இங்கே ஒரு வீடு. பால்பாயின்ட் பேனாவால் வீட்டுக்கு வாசல் வரைவாள், நான் தூங்குகிற மாதிரி படுத்திருப்பேன். போன வருஷம் அவளைத் தீக்காயப் பிரிவில் பயிற்சிக்குப் போட்டிருந்தார்கள். அதன்பிறகு லீவுக்கு வந்தவள் நான் சட்டையைக் கழற்றும்போது கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாய்லர்னா செதறியிருக்கும்ல அப்பா, இது ஒரே எடத்துல விழுந்து எறங்கியிருக்கு" என்றாள். "அப்பிடித்தான் வெடிச்சுது" என்றேன். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அன்றிலிருந்து அதைத் தொடுவதும் இல்லை.

சுளைகளைப் பிரித்துத் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டிருக்கிறேன். சடையை விலக்கி, கட்டைவிரலை உள்ளே விட்டு, கீழ்ப்பக்கமாக ஓர் இழுப்பு. கொட்டைமேல் இருக்கிற தோல் வழுக்கிக்கொண்டு கையோடு வருகிறது, வந்ததைப் பார்க்காமல் எறிகிறேன், இன்னமும் என்னால் அதைப் பார்க்க முடிவதில்லை. "மூணாவது நாள் பினாங்கு வேணாமா மேடம்? சூப்பரா இருக்கும், சீனங்க கட்டின பாம்புக் கோயில், நெசப் பாம்பு." "அய்ய, பாம்பெல்லாம் வேணாங்க." "அம்மா, நீங்க பல்லிக்கே மாடிக்கு ஓடுவீங்க." "நீ சும்மா இருடி, ஊசி போடத் தெரிஞ்சா போதுமா, ஒனக்கு ஒரு எலியப் பிடிக்கத் தெரியுமா?" சிரிக்கிறார்கள். ஜெரால்டுக்கு இரண்டு சுளையை நீட்டுகிறேன். எண்ணெய்க் கையிலிருந்து அவர் அதை இரண்டு விரலால் வாங்கிக்கொள்கிறார். அவர் கழுத்து மெலிசு, விழுங்கும்போது ஏறி இறங்குகிறது. கொஞ்ச நாளாக எந்தக் கழுத்தைப் பார்த்தாலும் எனக்குத் தண்ணீர் எப்படி வழியும் என்றுதான் தோன்றுகிறது. பஸ்ஸில் முன்சீட்டுக்காரர், கோயிலில் குருக்கள், கடைக்கு வரும் கல்யாணப் பெண்ணின் அப்பா. எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் வழியும். ஊற்றிய பிறகு என்ன? ஓட முடியாது, ஓடவும் வேண்டாம். ஜெரால்டின் ஆள் யாராவது போன் பண்ணுவார், வல்லி கடையில் சாக்லேட் பொறுக்கிக்கொண்டு நிற்பாள், தாரணி போனை வாங்கிக் கேட்பாள். அங்கேதான் ஒவ்வொரு முறையும் தடுக்குகிறது. போனை வாங்கிக் கேட்கும் தாரணியின் முகம். அதைத் தாண்டி என்னால் நினைக்க முடிந்ததே இல்லை. தாண்ட முடியாததால் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறேன், கெட்டில், துண்டு, டாக்ஸி, கல்லா. ஒருவேளை அவர் செத்துப்போயிருந்தால்? செத்திருக்கக் கூடாது. அவருக்கு நோய் வரக்கூடாது, கண் போய்விடக்கூடாது, என்னைப் பார்க்க வேண்டும், பெயர் நினைவிருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அவருடைய ஆயுளுக்காக என்னைப்போல் யாரும் வேண்டியிருக்க மாட்டார்கள்.

"சரி, சொல்லிரலாமா ஜெரால்டு?" என்கிறாள் வல்லி. "சொல்லிருங்க மேடம், சார் கையில கத்தி இருக்கு, நான் சொல்ல மாட்டேன்." அவள் உள்ளே போய் ஓர் அட்டைப்பெட்டியோடு வருகிறாள். திறக்கிறாள். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம், அதன்மேல் ஒரு பொன்னாடை. "என்ன?" என்கிறேன். "கிள்ளானுக்கு எதுக்குத் தனியா போறேங்கிறீங்கன்னு எனக்குத் தெரியாதாக்கும்? முதலாளியப் பாக்கத்தானே? எங்களை விட்டுட்டு நீங்க மட்டும் பாத்துட்டு வருவீகளா? அவரு கையால இவளுக்குத் துன்னூறு பூச வேணாமா? நாலாவது நாள் மத்தியானச் சாப்பாடே அங்கதான். எல்லாம் முடிவு பண்ணியாச்சு." ஜெரால்டு பெருமையாகத் தலையாட்டுகிறார். "அங்க நமக்கு ஆள் இருக்காரு சார், விசாரிக்கச் சொன்னேன். கடை அப்படியே இருக்காம். பெரியவர்தான் கல்லாவுல. இப்ப அங்க சாயங்காலம், வீடியோ போடச் சொல்லிருக்கேன்." போன் அடிக்கிறது. அடிக்கிறதா, அவர் போடுகிறாரா தெரியவில்லை. நான் எழுந்திருக்கப் பார்க்கிறேன், கால் மரத்திருக்கிறது, கை இரண்டும் எண்ணெய். கத்தியைக் கீழே வைத்தேனா, கையில்தான் இருக்கிறது. அவர் இருக்கிறார். சாகவில்லை. கல்லாவில் இருக்கிறார். ஒரு கணம் எனக்கு வந்தது சந்தோஷம், வேறு எந்தப் பெயரும் அதற்கு இல்லை.

முதலில் ஒரு நெற்றி தெரிகிறது, விபூதிக் கோடு, வெள்ளைப் புருவம். பிறகு யாரோ போனைச் சரியாகப் பிடித்துக்கொடுக்க, முழு முகம். கன்னம் தொங்கிவிட்டது. அந்த முகத்துக்கு இத்தனை சுருக்கம் நான் போட்டுவைக்கவில்லை, என் தண்ணீர் எப்போதும் பழைய முகத்தில்தான் விழுந்திருக்கிறது. "ஐயா, வணக்கங்கய்யா" என்கிறாள் வல்லி. "யாரும்மா? எந்த ஊரு?" "புதுக்கோட்டைங்கய்யா. ஒங்ககிட்ட சூப்பர்வைசரா இருந்தாருல்ல, பூமிநாதன், அவரு வீட்டுக்காரிங்கய்யா." "சூப்பர்வைசரா?" என்கிறார். முகம் யோசிக்கிறது. "பூமி. டீ போடுற பூமியா?" வல்லிக்கு அந்தச் சொல் காதில் ஏறவே இல்லை. "பாய்லர் வெடிச்சப்ப பெத்த பிள்ள மாதிரி பாத்துக்கிட்டீகளாம்ல, ராத்திரி பகலா பக்கத்துலயே இருந்தீகளாம். இப்பவும் சொல்லிக்கிட்டே இருப்பாரு. ஒங்களாலதான் என் கழுத்துல தாலி ஏறிச்சு." சொல்லிவிட்டு அழுகிறாள். அந்தப் பக்கம் டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்கிறது, தூரத்தில் யாரோ பாலில்லாத தே ஓ கேட்கிறார்கள். இப்போது சொல்லிவிடுவார் என்று காத்திருக்கிறேன். எந்தப் பாய்லர் என்று கேட்பார். இல்லை, திட்டுவார், போனை வைத்துவிடுவார். "ஆமாம்மா" என்கிறார் மெதுவாக. நாக்கால் உதட்டைத் தடவிக்கொள்கிறார். "ஆமா, ஆமா. நம்ம ஊருப் புள்ளைய விட்ற முடியுமா?" நிறுத்துகிறார். நிறுத்திய இடத்தில் அவர் கண் போனின் மூலையில் என்னைத் தேடுவது தெரிகிறது. "இந்தச் சேலை நெனப்பிருக்காய்யா?" வல்லி எட்டி நின்று முந்தானையை விரித்துக் காட்டுகிறாள். "கல்யாணத்துக்குன்னு நீங்க குடுத்துவிட்டீகளே?" "இல்லாம? நாந்தானே பாத்துப் பாத்து எடுத்தேன். நெறம் அப்படியே இருக்கு பாரு." பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டார். அப்பாவின் கொள்ளியை எடுத்துக்கொண்டார். முதுகை எடுத்துக்கொண்டார். இப்போது சேலையையும் எடுத்துக்கொண்டார், அதுவும் என் வீட்டுக் கூடத்துக்குள் வந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது, நானே வருஷக்கணக்காக மடித்து இஸ்திரி போட்டு அவருக்காக எடுத்துவைத்த மாதிரி.

கத்தியைச் செய்தித்தாள்மேல் வைக்கிறேன். எழுந்து நிற்கிறேன். "இதோ வந்துட்டாரு, பேசுங்க" என்று வல்லி போனை என் முகத்துக்கு நேரே கொண்டுவருகிறாள். அவர் என்னைப் பார்க்கிறார். பெயர் நினைவிருக்கிறது, கண் இருக்கிறது, நான் வேண்டிக்கொண்டது எல்லாம் இருக்கிறது. "பூமி, நல்லாருக்கியாப்பா?" என்கிறார். நான் திரும்பி நின்றுகொள்கிறேன், அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து. "தாரணி" என்கிறேன், "கையெல்லாம் எண்ணெ. பனியனைத் தூக்கு." "ஏங்க, என்ன இது, பெரியவரு முன்னாடி" என்கிறாள் வல்லி. தாரணி எழுந்து வருகிற காலடி கேட்கிறது. அவள் ஏன் என்று கேட்கவில்லை. பனியனை அடியில் பிடித்து, கட்டுப் பிரிக்கிறவள் மாதிரி, ஒட்டாமல், மெதுவாகத் தோள் வரை உயர்த்துகிறாள். காற்று படுகிறது. "அம்மா, போனைக் குடுங்க" என்கிறாள். அங்கே ஒரு குவளை விழுகிறது, யாரோ எடுக்கிறார்கள். "என்னம்மா அது, சரியாத் தெரியல" என்கிறது அவர் குரல். "கிட்ட காட்றேன்" என்கிறாள் தாரணி. போனின் சூடு முதுகுக்குப் பக்கத்தில் வருகிறது, ஆற்றில், மலையில், அவள் வாசல் வரைந்த வீட்டில், மேலிருந்து கீழாக இறங்குகிறது, தண்ணீர் இறங்கிய வழியில். "அவனைத் திரும்பச் சொல்லும்மா." யாரும் சொல்லவில்லை. "பூமி." நான் சுவரைப் பார்க்கிறேன், சுவரில் காலண்டர், காலண்டரில் முருகன். "திரும்புடா" என்கிறார். அதே குரல், கொஞ்சமும் கிழடு தட்டாமல். என் தோள் இரண்டும் தானாகக் காதுவரை ஏறுகின்றன. தோல் இழுக்கிறது. வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று உடம்பு முழுக்கக் காத்திருக்கிறது. நான் திரும்பவில்லை.

"நாலாவது நாள் மத்தியானம் வர்றோம்" என்கிறாள் தாரணி. நோயாளியிடம் பேசுகிற குரல், ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. "நானும் வர்றேன். கடையிலயே இருங்க." போன் சட்டென்று துண்டிக்கப்படுகிறது. அவளா, அவரா தெரியவில்லை. ஜெரால்டு தொண்டையைச் செருமுகிறார், லேப்டாப்பை மூடுவதா வேண்டாமா என்று அதன் விளிம்பைத் தடவுகிறார். "சார், அப்ப கிள்ளான்" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொள்கிறார். எனக்குப் பின்னால் துணி உரசுகிற சத்தம். திரும்பிப் பார்க்கிறேன். வல்லி முந்தானையைத் தோளிலிருந்து எடுத்து, உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எங்கே போடுவது என்று தெரியாதவள் மாதிரி. "வல்லி" என்கிறேன். "அந்தச் சேலை நான் எடுத்தது."